நவம்பர் பட்டியலில் ஒரு பெயர்

செத்துப்போனவள் அன்று காலை ஆறு மணிக்கே எழுந்து, முகம் கழுவித் தலை சீவிக்கொண்டாள்.

தீலியா ஹெனகன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. கடல் தாண்டி லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாக வேலை பார்ப்பதும், சம்பளம் வாங்குவதும், பல்வலி வந்தால் மாத்திரை போட்டுக்கொள்வதும் வேறு கதை. அவள் பிறந்த மண்ணில், மேயோ மாவட்டத்து நாக்லாராவில், அவள் செத்தவள்தான். நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர்களின் பெயரைத் தாளில் எழுதிச் சாமியாரிடம் கொடுப்பார்கள். அவர் அதை மாதம் முழுக்கப் பீடத்தில் வைத்து வாசிப்பார். ஹெனகன் வீட்டுத் தாளில் தீலியாவின் பெயர் இருந்தது. பத்தொன்பது நவம்பர்களாக, உயிரோடு இருக்கிறவளின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு ஊரே முழங்கால் வலிக்க ஜெபித்திருக்கிறது.

இது அவளுக்குத் தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவள் வார்டில் கால் முறிந்து படுத்திருந்த ஊர்க்காரக் கிழவர் ஒருவர், அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "எங்க ஊர்ல இதே பேர்ல ஒரு பொண்ணு இருந்துச்சும்மா. பாவம், சின்ன வயசுலயே போயிட்டா. அவ அண்ணன் ஃபெஸ்டி வருஷம் தவறாம பேரு எழுதிக் குடுப்பான்" என்றார். தீலியா அவருக்கு ஊசியை ஒழுங்காகத்தான் போட்டாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை.

கல்யாணம் ஆகாமல் வயிற்றில் பிள்ளையோடு நின்ற இருபது வயதுத் தங்கையைக் காரில் ஏற்றி, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியில் தள்ளிவிட்டு வந்தவன் இந்த ஃபெஸ்டி. அங்கேதான் ரோஷீன் பிறந்தாள். பத்து மாதம் பால் கொடுத்தாள் தீலியா. சம்பாதித்து வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்று குழந்தையின் காதில் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாள். மூன்றாம் மாதம் அண்ணனின் கடிதம் வந்தது. நான்கே வரி. கக்குவான் இருமலில் குழந்தை தவறிவிட்டது, இனி நீ இங்கே வர வேண்டியதில்லை. அம்மாவுக்கு அவள் போட்ட பதினோரு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அம்மாவே கைகழுவிவிட்டாள் என்று நினைத்து அழுது, பிறகு அழுகையும் வற்றி, நாற்பத்தோரு வயதுக்கு வந்து நிற்கிறாள்.

அவளுக்கு வீடு வேண்டாம், நிலமும் வேண்டாம். ஊர் கூடியிருக்கும்போது ஃபெஸ்டி தன் வாயால், 'இவள் சாகவில்லை, நான்தான் பொய் சொன்னேன்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

ஊர் கூடுகிற நாளும் அவன் வீட்டிலேயே வந்து வாய்த்தது. நாக்லாராவில் சாமியார் வீட்டுக்கே வந்து வைக்கிற பூசை முறை வைத்துச் சுற்றி வரும். ஆறேழு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வீட்டுக்கு வாய்க்கும். முறை வந்த வீட்டுக்காரன் சுவருக்கு வெள்ளை அடித்து, கதவுக்குப் பச்சை பூசி, தொழுவத்துச் சாணியைக்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்குவான். சண்டைக்காரனாக இருந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. இந்த வெள்ளிக்கிழமை ஃபெஸ்டி ஹெனகன் வீட்டு முறை. அதையும் வார்டில் அந்தக் கிழவர்தான் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் தீலியா பக்கத்து வீட்டு மேமி கேவின் கதவைத் தட்டியபோது, மேமி கையிலிருந்த பால் செம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். தீலியாவின் அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி அவள். தொட்டுப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே விட்டாள். இப்போது காலையில், சாமியாரின் காலைச் சாப்பாட்டுக்காக ஃபெஸ்டி வீட்டில் இரவல் கேட்டிருந்த நீலப் பூப்போட்ட பீங்கான் சாமான்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கெஞ்சிப் பார்த்தாள். பூசை முடியட்டும், ஜனம் கலைஞ்சு போகட்டும், வீட்டுக்குள்ள வச்சுப் பேசிக்கலாமே என்றாள்.

"வீட்டுக்குள்ள வச்சுப் பேசித்தானே அத்தை என்னைக் கொன்னாங்க" என்றாள் தீலியா. "தட்டை என்கிட்ட குடுங்க. நான் தூக்கிட்டு வரேன்."

மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கல்வேலி ஓரமாக இரண்டு பேரும் நடந்தார்கள். தீலியா தலையில் முக்காடாகத் துணி கட்டியிருந்தாள். முன்வாசலில் ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு தெரிந்தது. கழுத்துச் சதை காலருக்கு மேல் பிதுங்கியிருந்தது. நன்றாகத்தான் தின்றிருக்கிறான் என்று நினைத்தாள். பீங்கான் சாமான்கள் கடகடவென்று ஆடின. தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வழியாக உள்ளே நுழைந்தாள்.

அடுப்பு முன்னால் நின்றிருந்தாள் ஃபெஸ்டியின் மனைவி நோனி. தீலியா போன பிறகு இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மாவு ஒட்டிய கையோடு வந்து தட்டை வாங்கினாள்.

"மேமி அத்தைக்குச் சொந்தமா நீங்க?"

"லீட்ஸ்லேர்ந்து வந்திருக்கேன்" என்றாள் தீலியா. அது பொய் இல்லை. மேமி பக்கத்தில் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தாள்.

நோனி நல்லவளாக இருந்தாள். அதுதான் தீலியாவுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் சேர்த்து வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். லீட்ஸ் என்ற பேச்சு வந்ததும், என் நாத்தனாரும் அங்கேதான் தவறிப்போனா என்று அவளாகவே ஆரம்பித்தாள். சயரோகமாம். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். அவள் பேச்சோடு பேச்சாக ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவினாள். தீலியாவும் ஒரு கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். தான் எப்படிச் செத்தோம் என்பதை அவள் அதுவரை கேட்டதில்லை.

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பவே எங்க அப்பா விசாரிச்சாரு. ஒரு தங்கச்சி இருந்தாளே, அவ எங்க, அவளைப் பத்தி ஏதோ பேச்சு அடிபடுதேன்னு கேட்டாரு. இவரு கண்ணுல தண்ணியோட, அவ போயிட்டா மாமான்னாரு. எங்க அப்பாவே கலங்கிட்டாரு. அப்புறம்தான் என்னைக் குடுத்தாரு."

தீலியாவின் கத்தி ரொட்டியைத் தாண்டிப் பலகையில் இறங்கியது. இதற்காகத்தானா. பெயர் கெட்டுப்போன தங்கை உயிரோடு இருந்தால் பெண் கிடைக்காது. செத்த தங்கை என்றால் இரண்டு சொட்டுக் கண்ணீரோடு காரியம் முடிந்துவிடும்.

"உங்க மாமியார்?" என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. அவங்க அதுக்கப்புறம் தேறவே இல்ல. தபால்காரர் வர்ற நேரமெல்லாம் வாசல்ல போய் நிப்பாங்க. இவருதான், குளிர்ல நிக்காதீங்கம்மான்னு உள்ள அனுப்பிட்டு, தானே ரோட்டுக்குப் போய்த் தபாலை வாங்கிட்டு வருவாரு. அம்மா மேல அவ்வளவு பாசம் இவருக்கு. ஆறு வருஷம் முன்னாடி சாகுறப்ப, தீலியாவைப் பார்க்கப் போறேன், அவ எனக்கு முன்னாடி போய் அங்க காத்துக்கிட்டு இருப்பான்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க."

மேமி முந்தானை மாதிரி போட்டிருந்த கம்பளித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீலியா கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாள். அம்மா அங்கே போய்த் தேடியிருப்பாள். மகள் அங்கே இல்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஃபெஸ்டியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவனுக்கு வலிக்க வேண்டும். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலிக்க வேண்டும்.

சாமியார் ஃபாதர் டெவெனி முன்னறையில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊர்க் கோயில் பங்குக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிற சின்ன வயசுக்காரர். வீட்டுக்காரன் என்ற முறையில் ஃபெஸ்டி கடைசியாக உள்ளே போனான். ஐந்து நிமிஷத்தில், பாவமெல்லாம் கழுவிய முகத்தோடு வெளியே வந்தான். சமையற்கட்டுக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்த குறுகலான நடையில் ஒரு பெண் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான். புது வெள்ளை அவன் கோட்டுக் கையில் ஒட்டியது.

"எதுக்கு வந்த?"

"பூசைக்கு வந்தேன் அண்ணே. எனக்காக ஜெபம் பண்றீங்களாமே. எப்படிப் பண்றீங்கன்னு பார்த்துட்டுப் போலாம்னு."

அவன் அவளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் வரச் சொன்னான். என்ன வேண்டுமோ கேள், சாயங்காலத்துக்குள் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றான். கீழ்ப்பக்கத்து வயலைத் தருகிறேன் என்றான். தீலியா அவிழ்த்த தலைத்துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். அவன் கெஞ்சுவது காதுக்கு இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று விட்டாள்.

"அந்தத் தாளை மட்டும் திருப்பி வாங்கிக்கிறேன், தீலியா. அது ஒண்ணுதான். அதை வாசிக்க வேணாம். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

திரும்பி முன்னறைக்குள் தலையை நீட்டி, சாமி, பெயர்த் தாளில் ஒரு திருத்தம் இருக்கு என்றான். ஃபாதர் டெவெனி வெள்ளை உடுப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். எட்டரை ஆகிவிட்டது, ஜனம் காத்திருக்கிறது, விட்டுப்போன பெயரைப் பூசைக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்பாகச் சொல்லிவிட்டார். தாள் அவருடைய பூசைப் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தீலியா இடையில் புகுந்து முன்னறை வாசலை மறித்து நின்றாள். ஃபெஸ்டிக்கு அவளைத் தள்ளிவிட்டுப் போகத் துணிவில்லை. ஜன்னல் வழியாக மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையற்கட்டு மேசையை நான்கு பலகைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்திப் பீடமாக்கியிருந்தார்கள். கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தக் கிண்ணம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் கதவோரம். ஈரக் கம்பளி வாசமும் அடுப்புப் புகையும் அறையை நிறைத்தன. வீட்டுக்காரன் என்பதால் ஃபெஸ்டிக்கு முதல் வரிசையில் இடம். எழுந்து ஓட வழியில்லை. தீலியா சுவரோரம் மேமிக்குப் பின்னால் முழங்கால் போட்டாள். வயசான பெண்கள் இரண்டு பேர் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் கண்ணையே நம்பாமல் ஜெபமாலையை உருட்டினார்கள்.

வாசகம் முடிந்தது. ஃபாதர் டெவெனி தாளைப் பிரித்தார்.

"இந்த வீட்டுல மரிச்சவங்களுக்காக வேண்டிக்குவோம். தாடி ஹெனகன். மைல்ஸ் ஹெனகன். சபீனா ஹெனகன்."

அம்மாவின் பெயரைக் கேட்டதும் தீலியா ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"தீலியா ஹெனகன்."

"இருக்கேன் சாமி" என்று சொல்லி எழுந்து நின்றாள்.

யாரோ ஒரு பெண் 'யேசுவே' என்று முணுமுணுத்தாள். கதவோரம் இருந்த ஆண்கள் தாங்களாகவே எழுந்துகொண்டார்கள். பெயரை வாசித்த சாமியார் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஊருக்குப் புதுசு என்பதால் அவருக்கு மட்டும் பயம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. நீங்க யாரும்மா என்றார்.

"அதை நான் சொன்னா நம்ப மாட்டாங்க சாமி. அதோ முன்னால முழங்கால் போட்டிருக்காரே, அவரு சொல்லட்டும்."

ஃபெஸ்டி அசையவில்லை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. மொத்தச் சமையற்கட்டும் அந்த முதுகைப் பார்த்தது. வேறு எங்கேயாவது, சந்தையிலோ சாராயக் கடையிலோ என்றால், இவள் யாரோ பைத்தியக்காரி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பான். இங்கே அவன் வீட்டு மேசையே பீடமாக நின்றது. பாவமன்னிப்பு வாங்கி அரை மணி நேரம் ஆகவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் இந்த வாயைத் திறந்து சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும். தீலியா இதையெல்லாம் லீட்ஸிலேயே யோசித்துத்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"நான் யாரு அண்ணே?"

"என் தங்கச்சி" என்றான் ஃபெஸ்டி, தரையைப் பார்த்து.

"கதவுகிட்ட இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"என் தங்கச்சி தீலியா."

"நான் எப்ப செத்தேன்?"

அவன் தோள் குலுங்கியது. "சாகல. அவ சாகல. நான்தான் பொய் சொன்னேன்."

கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது. மேமி விம்மி விம்மி அழுதாள். அடுப்புப் பக்கம் மண்டியிட்டிருந்த நோனியின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. தன் அப்பா கலங்கிய அந்தக் கண்ணீரை அவள் இப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தீலியாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கேட்டுவிட்டேன் அம்மா, உன் சமையற்கட்டில் நின்று கேட்டுவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முன்னால் போய்ச் சாமியாரிடம் கையை நீட்டினாள். என் பேரை நானே அடிச்சுடுறேன் என்றாள். அவர் தாளைக் கொடுத்தார்.

ஃபெஸ்டியின் கோணல் கையெழுத்து. வயலுக்கு உழவு ஓட்டியது போல ஒரு பக்கம் சாய்ந்த எழுத்துகள். லீட்ஸுக்கு வந்த அந்த நான்கு வரிக் கடிதமும் இதே கையெழுத்தில்தான் இருந்தது. தாடி, மைல்ஸ், சபீனா, தீலியா. அதற்குக் கீழே, சாமியார் இன்னும் வாசிக்காத கடைசிப் பெயர்.

ரோஷீன்.

அதைப் பார்த்ததும் முதலில் நெஞ்சு உருகியது. என் குழந்தையையாவது மறக்காமல் எழுதியிருக்கிறானே என்று ஒரு கணம் நன்றிகூட வந்துவிட்டது. பிறகு, இரண்டு பெயர்களும் அருகருகே இருப்பதைப் பார்த்தாள். ஒரே கை, ஒரே மை, ஒன்றன் கீழ் ஒன்று. மேலே இருக்கிறவள் இதோ நின்றுகொண்டு தாளைப் படிக்கிறாள்.

நிமிர்ந்தாள். ஃபெஸ்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தியிருந்தான். நடையில் அவன் அவ்வளவு கெஞ்சியது எந்த வரிக்காக என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பெயர் வாசிக்கப்படாமல் தடுத்து என்ன பிரயோஜனம்? அவள்தான் நேரிலேயே வந்துவிட்டாளே.

"இவ எப்ப செத்தா அண்ணே?"

தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கக்குவான் இருமல்னு எழுதினியே. எந்த நாள்? எங்க புதைச்சாங்க? நீ பக்கத்துல இருந்தியா?"

அடுப்புப் பக்கமிருந்து நோனி எழுந்து வந்தாள். கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. ரோஷீன் என்ற பெயருக்கு உரியவள் யார் என்று அவளுக்கு இத்தனை வருஷமும் யாரும் சொன்னதில்லை. மாமியார்தான் சேர்க்கச் சொன்னாள், கேட்டால் அழுவாள், அவ்வளவுதான் தெரியும். புருஷனுக்கு நேரே நின்றாள்.

"ஏங்க, அவங்க கேக்குறாங்கல்ல? சொல்லுங்க."

செத்துட்டா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தங்கையை அவன் இரண்டு நிமிஷத்தில், பெண் கேட்கப் போன இடத்தில் சாகடித்தவன். இந்தச் சமையற்கட்டில், மெழுகுவர்த்திக்கு முன்னால், ஊர் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருக்க, அந்த ஒரு சொல் ஃபெஸ்டியின் வாயிலிருந்து வரவில்லை.

தீலியா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் பெயரை அடிக்கவில்லை. நாளைக் காலைக் கப்பலுக்கு வாங்கியிருந்த டிக்கெட்டும் அதே பையில்தான் இருந்தது. அதை வெளியே எடுத்து அடுப்பில் போட்டாள். சுவரோரம் இருந்த அம்மாவின் நாற்காலியை இழுத்து, அண்ணனுக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பூசையை முடிங்க சாமி" என்றாள். "நான் எங்கயும் போகல."